எதுக்கும் இருக்கட்டும்

ஜாக்கிரதையான மனுஷர் என்றுதான் ராஜபாளையத்தில் அவருக்குப் பேர். பேங்க் மேனேஜரும் அப்படித்தான் சொல்வார், கீழே டீக்கடை வைத்திருப்பவரும் அப்படித்தான் சொல்வார். சில வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். அந்த ஜாக்கிரதையைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள். அதனால் எனக்கு வேறு அபிப்பிராயம்.

சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பார். கையெழுத்துப் போட வேண்டிவந்தால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார். மூன்று எழுதாது. எழுதாத மூன்றும் திரும்பவும் பைக்கே போகும். கண்ணாடி முகத்தில் ஒன்று, பையில் ஒன்று, காரில் ஒன்று. காரின் டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேலே இன்னொரு டயர், இரண்டு ஜாக்கி, செத்துப்போன ஒரு பேட்டரி. யாராவது லக்கேஜ் வைக்க வந்தால் வைக்க இடம் இருக்காது. "இந்தப் பேட்டரி எதுக்கு சார்?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "எதுக்கும் இருக்கட்டும்."

எங்கள் கம்பெனி தென்காசி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்தது. நூல் மில்களிலும் பேண்டேஜ் துணி கம்பெனிகளிலும் ஓடுகிற மெஷின்களின் கன்ட்ரோல் பேனலுக்கு நாங்கள்தான் புரோகிராம் எழுதிக்கொடுப்போம். அவர்தான் டெக்னிக்கல் ஹெட். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அங்கிருந்து ஏன் வந்தீர்கள் என்று அவரிடமே கேட்டால், வயசான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்பார். அப்பா அம்மா மதுரையில் தம்பி வீட்டில் இருந்தார்கள். இவர் வீடு கட்டிக்கொண்டது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

நான் சேர்ந்த முதல் நாள் என் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைக் கட்டிப் பார்த்தேன். ஒரு ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாதியில் நின்றுவிட்டது.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு எழுதும் புரோகிராம் ஒரே கோப்பில் இருப்பதில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் போன்ற பொதுவான அளவுகள் ஹெடர் என்ற தனிக் கோப்புகளில் இருக்கும். முன்பே செய்து முடித்த வேலைகள் லைப்ரரியாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். கம்பைலர் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புரோகிராமாகக் கட்டும்போது, இவற்றையெல்லாம் எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேட வேண்டும் என்று நாம்தான் வரிசையாக எழுதித்தர வேண்டும். வரிசையில் எந்த ஃபோல்டரில் அந்தப் பெயர் முதலில் கண்ணில் படுகிறதோ, அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். அதே பெயரில் சரியான கோப்பு அடுத்த ஃபோல்டரிலேயே இருந்தாலும் எட்டிப் பார்க்காது. தெருவுக்குப் பத்து ராஜா இருக்கிற ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "ராஜா வீடு எதுங்க?" என்று கேட்டு, முதலில் கதவு திறந்த வீட்டில் பெட்டியை வைத்துவிடுகிற மாதிரி. அதனால் அந்த வரிசை சின்னதாக இருக்க வேண்டும். எது தேவையோ அது மட்டும், எது முதலில் வேண்டுமோ அது முதலில். இதைக் கல்லூரியில் இரண்டாம் வருஷத்திலேயே சொல்லித்தந்துவிடுவார்கள்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். திரையில் என்ன பிழை வந்திருக்கிறது என்று படிக்கவே இல்லை. தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டுவந்து என்னுடையதில் ஒட்டினார். மௌஸைத் தள்ளிக்கொண்டே போனால்தான் அதன் முடிவு தெரியும். 'நியூ' என்று ஒரு ஃபோல்டர், 'நியூ டூ', 'ஃபைனல்', 'ஃபைனல் ஒரிஜினல்', 'ஃபைனல் பழசு'. எப்போதோ மூடிப்போன மில்லின் பெயரில் ஒன்று. அவர் மகளின் காலேஜ் புராஜெக்ட் ஒன்று. புரோகிராம் கட்டிமுடிந்தது.

"பாத்தியாம்மா?" என்றார்.

"இதுல எந்த ஃபோல்டர் சார் நமக்கு வேணும்?"

"எதுலயாவது கெடக்கும்மா. எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நடையில் ஒரு பெருமை இருந்தது.

என்னோடு வேலை பார்த்த முத்துக்குமார் கான்சாபுரத்துக்காரன். விவசாயக் குடும்பம், அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அவனுக்கு எதையும் துடைத்து வைத்தால்தான் கை ஓடும். ஒருநாள் உட்கார்ந்து அந்த வரிசையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டாததை எல்லாம் எடுத்துவிட்டான். மிஞ்சியது ஒரு கை விரலுக்குள் அடங்கியது. புரோகிராமும் முன்பைவிடச் சீக்கிரம் கட்டிமுடிந்தது. மறுநாள் காலையில் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆரு இதுல கை வச்சது?"

முத்துக்குமார் எழுந்து நின்றான். "நாந்தான் சார். வேண்டாததத்தான் எடுத்தேன். எல்லாம் ஓடுது."

"இன்னைக்கு ஓடும். நாளைக்கு நின்னா? கான்சாபுரத்துலருந்து ஒங்கய்யாவா வந்து பதில் சொல்லுவாரு?"

எல்லாரும் இருக்கும்போதுதான் கேட்டார். அவன் அப்பாவை எதற்கு இழுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முத்துக்குமார் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்தான். எடுத்ததையெல்லாம் அன்றைக்கே திரும்பவும் போட்டார் அவர். அதோடு ஒரு சட்டமும் வந்தது. இனிமேல் வாடிக்கையாளருக்குப் போகிற புரோகிராம் எதுவானாலும் அவருடைய கம்ப்யூட்டரில்தான் கட்ட வேண்டும். மற்றவர்கள் எழுதலாம், கட்டக் கூடாது.

இதன் பலன் ஒரு நூல் மில்லில் முதலில் தெரிந்தது. அங்கே புது பேனல் வைத்து, முதலாளி குடும்பத்தோடு வந்து, தேங்காய் உடைத்து, ஸ்விட்சைப் போட்டால் திரையில் பூப்போட்ட எழுத்தில், 'உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று வந்தது. அதற்கு மேலே இருந்தது எதிர் மில்லின் பெயர். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த எதிர் மில்லுக்குச் செய்த திரை லைப்ரரி ஒன்று 'ஃபைனல் பழசு' ஃபோல்டரில் கிடந்திருக்கிறது. வரிசையில் அது முன்னால் இருந்ததால் கம்பைலர் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த இரண்டு மில்காரர்களும் பங்காளிகள். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது.

"ஏம்வே, என் மில்லுக்குள்ள நான் காசு குடுத்து அவன் பேர எழுதிப் போடணுமாக்கும்?" என்று அந்த முதலாளி போட்ட சத்தத்தில் அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

பழைய லைப்ரரியை அவர் எடுத்துப்போட்டாரா? இல்லை. எழுத்தே இல்லாத வெறும் திரை ஒன்றைச் செய்து, அதை ஒரு புது ஃபோல்டரில் வைத்து, வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்த்தார். ஒரு குப்பையை மறைக்க இன்னொரு குப்பை. வரிசை இன்னும் நீண்டது.

வீட்டிலும் அவர் அப்படித்தான் என்பது மகள் கல்யாணத்தில் தெரிந்தது. முதலில் ராஜபாளையத்தில் ஒரு மண்டபம் பிடித்தார். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் வாட்ஸப்பில் அந்த மண்டபத்தின் மேப்பை அனுப்பிவிட்டார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வேண்டும் என்றதால் அங்கே கோயில் பக்கம் இன்னொரு மண்டபம் பிடித்தார். ராஜபாளையம் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் அனுப்பிய மேப் இனி செல்லாது என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மேப்புக்குக் கீழேயே இரண்டாவது மேப்பையும் அனுப்பினார். அவ்வளவுதான்.

முகூர்த்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. மற்ற பாதி ஜனம் ராஜபாளையத்தில், சாவி வாங்க யாரும் போகாததால் பூட்டியே கிடந்த கேட்டுக்கு முன்னால் நின்றது. அவர் மனைவியின் பெரிய மாமா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். நேரம் தவறாதவர். விடிவதற்கு முன்பே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் வெள்ளிக் குத்துவிளக்கோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டி முடிந்து பந்தி போட்டபிறகுதான் ஒரு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கிழவர் குத்துவிளக்கைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"மாப்ள, மண்டபம் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"அனுப்பியிருந்தேனே மாமா. ரெண்டுமே ஒங்க போன்ல இருக்கும் பாருங்க."

"ரெண்டும் இருக்கு. அதத்தான் கேக்கேன். எதுக்கு ரெண்டும் இருக்கு?"

அவர் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார். கிழவர் சாப்பிடாமல் கிளம்பினார். மனைவி ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு அந்த மாமாதான் அப்பா ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள். நாங்களும் டீ குடிக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அடுத்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை.

சேத்தூர் போகிற வழியில் ஒரு பேண்டேஜ் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். துணியைச் சுருட்டி, பொட்டலம் போட்டு, ஒரு பெரிய இரும்பு அறைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தி, நீராவியை ஏற்றுவார்கள். உள்ளே சூடு ஏறியபின் குறிப்பிட்ட நேரம் அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் துணியில் இருக்கும் கிருமி சாகும். அதற்குப் பிறகு நேரே ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். ஆபரேஷன் செய்த புண்ணின் மேல் வைக்கிற துணி அது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்கிற அளவை ஆபரேட்டர் யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகப் புரோகிராமுக்குள்ளேயே, ஒரு ஹெடர் கோப்பில் வைத்திருந்தோம்.

கோயம்புத்தூரில் ஒரு மெஷின் கண்காட்சி வந்தது. அங்கே இந்த மெஷினின் சின்ன மாதிரி ஒன்றை வைத்தோம். பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள் என்று அவரே உட்கார்ந்து அந்த நேரத்தைக் குறைத்து, அதே பெயரில் இன்னொரு ஹெடர் எழுதி, 'டெமோ' என்ற ஃபோல்டரில் போட்டார். அதுதான் முதலில் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த ஃபோல்டரை வரிசையின் தலையில் வைத்தார். கண்காட்சி முடிந்தது. எல்லாரும் ஊர் திரும்பினோம். டெமோ ஃபோல்டர் தலையிலேயே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து பேண்டேஜ் கம்பெனியிலிருந்து, கதவு சரியாக மூடாவிட்டால் அடிக்கும் பஸ்ஸர் சத்தம் போதவில்லை, கூட்டிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லாத வேலை. முத்துக்குமார் அந்த ஒரு இடத்தை மாற்றிக் கொடுத்தான். தான் போட்ட சட்டப்படி அவர் தன் கம்ப்யூட்டரில் புரோகிராமைக் கட்டி பென்டிரைவில் தந்தார். முத்துக்குமார் போய் ஏற்றிவிட்டு வந்தான்.

அந்த வாரமே பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். மெஷின் இப்போது சீக்கிரமாக வேலையை முடித்துவிடுகிறது, ஒரு நாளைக்கு இன்னும் இரண்டு லோடு கூடப் போட முடிகிறது என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

எங்கள் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். "புது வெர்ஷன்லா! ஆப்டிமைஸ் பண்ணியிருக்கோம் சார்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னார். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பொட்டலம் பால்கோவா வந்தது.

முத்துக்குமார் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "நாம வெறும் பஸ்ஸரத்தான சார் கூட்டுனோம்? எப்பிடி சீக்கிரம் முடியும்?" என்றான்.

"ஒங்களுக்குத் தெரியாம நான் எம்புட்டோ பண்ணியிருக்கேன்பா" என்று அவன் தோளில் தட்டினார்.

பேண்டேஜ் கம்பெனியில் தரம் பார்க்கிற லேபுக்குப் பொறுப்பாக ஸ்டெல்லா அக்கா இருந்தார். கிருமிகளைப் பற்றிப் படித்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நான் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறுவேன். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்தான். இடம் கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். பை நிறையக் கொய்யாப்பழம் வைத்திருப்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், அன்றைக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா?" என்றேன்.

"ஏட்டி செல்வி, எங்க மெஷின்ல என்னமோ தப்பா இருக்கு."

லோடு போடும்போது நடுவில் ஒரு காகிதத் துண்டு வைப்பார்களாம். அதில் உயிருள்ள கிருமி இருக்கும். லோடு முடிந்ததும் அதை எடுத்து ஒரு திரவத்தில் போட்டு வைத்தால், கிருமி செத்திருந்தால் நிறம் மாறாது. பிழைத்திருந்தால் மஞ்சளாகும். வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை உண்டு.

"மஞ்சளாயிருச்சுட்டி. காயிதம் பழசோன்னு புதுசு வாங்கி வச்சேன். அதுவும் மஞ்சள். ஒங்க சாருக்குப் போன் போட்டா, கதவு ரப்பர மாத்துங்கன்னாரு. மாத்துனோம். பொறவு பாய்லரப் பாருங்கன்னாரு. பாத்தாச்சு. நேத்து கேட்டா தண்ணி உப்பா இருக்கும்ங்காரு. தெனத்துக்கு ஒண்ணு சொல்றாரு."

"சரக்கு?"

"லோடு அம்புட்டயும் நிறுத்தி வச்சிருக்கேன். லாரி வாசல்ல நிக்குது. கையெழுத்துப் போடுங்கன்னு மேனேஜரு உசுர வாங்குதாரு. வேலய விட்டு எடுத்தாலும் சரி, போட மாட்டேன்னுட்டேன்." ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா மொத சோதனைக்கு முந்தி ஒரு லோடு மதுரைக்குப் போயிருச்சு. அதத்தான் நெனச்சு நெனச்சுத் தூக்கமே இல்ல."

"அக்கா, மெஷின் சீக்கிரம் முடிக்குதுன்னு சொன்னாங்களே."

"ஆமா. முன்ன எடுத்த நேரத்துல பாதிகூட இல்ல. வேகம் கூடியிருக்குன்னு ஒங்க சாரு சொன்னாராம்."

"சூட்டுக்கு என்னக்கா வேகம்?" என்றேன்.

ஆபீஸில் முத்துக்குமாரிடம் சொன்னேன். அவர் மத்தியானம் சாப்பிடப் போகிறவரை இரண்டு பேரும் காத்திருந்தோம். அவர் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். மறந்துவிடக் கூடாது என்று கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டும் மானிட்டருக்குப் பின்னால் ஒரு சீட்டும் ஒட்டி வைத்திருந்தார். எந்தக் கோப்பை எந்த ஃபோல்டரிலிருந்து எடுத்தாய் என்று கேட்டால் கம்பைலர் தானே சொல்லிவிடும். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. நான் கேட்டேன். திரையில் ஒவ்வொரு வரியாக ஓடியது. முத்துக்குமார் விரலை வைத்து ஒரு வரியில் நிறுத்தினான். நேரத்தைச் சொல்கிற ஹெடர், டெமோ ஃபோல்டரிலிருந்து வந்திருந்தது. திறந்து பார்த்தோம். நிமிஷக்கணக்கில் இருக்க வேண்டிய நேரம் நொடிக்கணக்கில் இருந்தது.

அவர் பல் குத்திக்கொண்டே வந்தார். தன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கோபப்பட வாயெடுத்தவர், திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அடித்துப் புரண்டு போனை எடுப்பார் என்று நினைத்தேன்.

"சரி. ஒரிஜினல் ஃபோல்டர இதுக்கு முன்னால போட்டுரு" என்றார்.

"டெமோவ எடுத்துரலாம் சார்" என்றான் முத்துக்குமார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்யா. அடுத்த வருசம் எக்ஸிபிஷன் வரும்லா."

"அந்தக் கம்பெனிக்கு இப்பமே போன் பண்ணிச் சொல்லணும் சார். ஒரு லோடு மதுரைக்குப் போயிருக்கு" என்றேன்.

"சும்மா போன்ல சொன்னா நல்லாருக்காதும்மா. முறையா ரிப்போர்ட்டாக் கொண்டுபோய்க் குடுப்போம். செத்த பொறு."

அந்தச் செத்த நேரம் மறுநாள் மத்தியானம் வரை ஆனது. முதல் நாள் சாயங்காலமே நான் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்து, அந்த மெஷினைத் தொட வேண்டாம், மதுரைக்குப் போனதைத் திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். "அத ஒங்க சாரு வாயால கேக்கணும்ட்டி. நீ சொன்னன்னு போனா மேனேஜரு நம்ப மாட்டாரு" என்றார்.

மறுநாள் அவர் காரில் நானும் போனேன். மேனேஜர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். எங்கள் சார் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அழகாக பைண்ட் செய்திருந்தது. கதவு ரப்பர், பாய்லரின் அழுத்தம், தண்ணீரின் உப்பு, கரண்ட் ஏற்ற இறக்கம், லோடு அடுக்கிய முறை, ஆபரேட்டரின் பயிற்சி, சோதனைக் காகிதத்தைக் குளிர்ச்சியில் வைக்காதது என்று பக்கம் பக்கமாகக் காரணங்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில், 'மென்பொருள் கோப்புறை அமைப்பிலும் சிறு முரண்பாடு இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்து வானிலை.

மேனேஜர் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவ்வளவு காரணம் இருக்கும்போது ஒருத்தரை எப்படிக் குறை சொல்வது என்கிற மாதிரி ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்தது. அவருக்கும் லாரியை அனுப்பியாக வேண்டும்.

ஸ்டெல்லா அக்கா ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை.

"இதுல எது சார்?" என்றார்.

"எல்லாத்தையும் கவனிக்கணும் மேடம். பல காரணங்கள் சேர்ந்து..."

"எதுன்னு கேக்கேன். இந்தத் துணிய ஆபரேஷன் பண்ணுன வயித்து மேல வைப்பாவ. புள்ள பெத்தவ மேல வைப்பாவ. எதுனால கிருமி சாகலன்னு ஒண்ணச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்த இன்னொரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க புரோகிராம்தான்" என்றேன் நான். "சூட்டுல நிக்க வேண்டிய நேரம் தப்பாப் போயிருச்சு. கண்காட்சிக்காகக் கொறச்சு வச்ச நேரம் அது. மத்தது ஒண்ணும் இல்ல."

மேனேஜர் எழுந்து நின்றார். அடுத்த நிமிஷம் மதுரை ஏஜென்டுக்குப் போன் போனது. பெட்டிகள் அந்த வாரத்துக்குள் திரும்பி வந்தன. சில பெட்டிகள் பிரித்திருந்தன. பிரித்தவை எங்கே, யாருக்குப் போயின என்று ஏஜென்டுக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா அக்கா மதுரையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் செய்து கேட்டார். சிலர் இல்லை என்றார்கள், சிலர் போனை எடுக்கவில்லை. அந்தக் கம்பெனி எங்களோடு வைத்திருந்த ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அடுத்த மாதம் நானும் முத்துக்குமாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டோம். அவர் வேலை போகவில்லை. எத்தனை காரணம் இருந்தது என்று முதலாளிக்கு அந்த ரிப்போர்ட்டையே காட்டியிருப்பார். இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார் என்று கேள்வி. ஊரில் பேரும் அதேதான், ஜாக்கிரதையான மனுஷர்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அன்றைக்குக் காரில் திரும்பியதுதான். திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஒரு லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தியவர், காரின் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா அங்கன அப்பிடிச் சொன்ன? நாலஞ்சு காரணம் சேந்து கெடந்தா, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ ஒண்ண மட்டும் எடுத்துச் சொன்னா, அது நாமதான்னு ஆயிரும்லா?"

குரலில் கோபம் துளிகூட இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற பொறுமையோடு கேட்டார்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வந்தது. "இங்ஙன எறங்கிக்கிடுதேன் சார்" என்றேன். நிறுத்தினார். இறங்கிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் குனிந்து, "நாமதான் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.